கையால் பூசிய ஐஸ்: செயின்ட் மோரிட்ஸில் ஆறு நாள்

முதல் நாள்: மலை ஏறும் சிவப்பு ரயில்

மூன்றாவது இளையோர் குளிர்கால ஒலிம்பிக் 2020 ஜனவரி 9 முதல் 22 வரை நடந்தது. இது அப்போதைய பயணக் குறிப்பு. போட்டியின் பெயரில் இருக்கும் ஊர் சுவிட்சர்லாந்தின் லோசான். ஆனால் ஐஸ் சரிவில் ஸ்லெட் எனும் சறுக்குவண்டியில் இறங்கும் பந்தயங்களான பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலிட்டன் மூன்றையும் பார்க்க நினைப்பவர்கள் லோசானில் தங்கிப் பயனில்லை. நாட்டின் மறுகோடியில், எங்காடின் பள்ளத்தாக்கில் இருக்கும் செயின்ட் மோரிட்ஸுக்குப் போக வேண்டும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஒரே பாப் ஓடுபாதை அங்கேதான் இருக்கிறது.

பயணத்தில் அரை நாள் கழிந்துவிடும். சூரிக் வழியாக சூர் நகரம் வரை பெரிய ரயில். சூரில் இறங்கி ரேட்டியன் ரயில்வேயின் சிவப்புப் பெட்டிகளுக்கு மாற வேண்டும். இங்கிருந்து தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர்தான், நம் ஊட்டி மலை ரயிலின் அதே அகலம். ஊட்டி ரயிலை இழுத்த நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. ஊட்டியில் பற்சக்கரம் பிடித்து ரயில் ஏறும். இந்த அல்புலா பாதையில் பல்தண்டவாளமே கிடையாது. மலைக்குள் சுருண்டு சுருண்டு போகும் சுரங்கங்கள் வழியாகவே உயரத்தை எடுக்கிறார்கள். 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வருவதற்கு முன்பே ஜன்னலோரம் நகர்ந்துவிடுங்கள். பாலத்தின் கடைசி வளைவு நேராகப் பாறைச் சுவரில் இருக்கும் சுரங்க வாயில் போய் முட்டுகிறது. கண்ணிமைத்தால் போய்விடும்.

இறங்கும் இடத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டம் தொடங்குவதைப் பார்க்க செயின்ட் மோரிட்ஸ், முடியும் இடத்தைப் பார்க்க அதற்கு முந்தைய ஊரான செலெரினா. இடையில் ஓடுபாதையை ஒட்டியே நடைபாதை உண்டு. பெரும்பாலான போட்டிகளுக்கு அப்போது நுழைவு இலவசம். நிற்கப் போவது 1800 மீட்டர் உயரத்தில். இரவில் மைனஸ் 15 டிகிரி சாதாரணம். பகலிலோ வெயில் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணை எரிக்கும். கறுப்புக் கண்ணாடியும், அடியில் பிடிமானம் உள்ள காலணியும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். நடக்கும்போது கழற்றலாம், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

புதியவர்களுக்கு ஒரு வரி விளக்கம்: பாப்ஸ்லெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து போவார்கள். லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னால் போகும். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போகும். முகவாய்க்கும் ஐஸுக்கும் இடையே சில விரற்கடை. பிரேக் கிடையாது, திருப்பும் கைப்பிடியும் கிடையாது. இங்கே போட்டியிடுபவர்கள் 15 முதல் 18 வயதுக்காரர்கள்.

இரண்டாம் நாள்: தடத்தை நடந்து பார்த்தல்

ஸ்கெலிட்டனைப் புரிந்துகொள்ள ஸ்லெட்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். செயின்ட் மோரிட்ஸில் மட்டும் ஐஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உலகின் மற்ற பாப் ஓடுபாதைகள் கான்கிரீட்டால் ஆனவை. கான்கிரீட்டுக்குள் குளிர்விக்கும் குழாய்கள், அதன் மேல் சில சென்டிமீட்டர் ஐஸ். முந்தைய இரண்டு இளையோர் ஒலிம்பிக்குகள், 2012இல் இன்ஸ்புருக்கிலும் 2016இல் லில்லேஹாமரிலும், அப்படிப்பட்ட தடங்களில்தான் நடந்தன. 1904 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட இந்த 1722 மீட்டர் தடத்துக்குக் குழாயும் கிடையாது, இயந்திரக் குளிரும் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிற்பாதியில் இத்தாலியின் தென் டைரோல் பகுதியிலிருந்து சுமார் 15 பேர் வருகிறார்கள். வெறும் மலைச்சரிவில் பனியும் தண்ணீரும் மட்டும் வைத்து மூன்று வாரத்தில் முழுத் தடத்தையும் எழுப்புகிறார்கள். மார்ச்சில் அது உருகி ஓடிவிடும். அடுத்த நவம்பரில் மறுபடி முதலிலிருந்து.

வேலையின் முறை நம் கொத்தனார்களுக்கு உடனே பிடிபடும். முதலில் பனியைக் குவித்து, மிதித்து, சுவரின் கரடுமுரடான வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். பிறகு பனியில் தண்ணீர் சேர்த்துக் குழைத்து, கெட்டி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, மண்வெட்டியால் சுவரில் அப்பி, தட்டி, தேய்த்துப் பூசுகிறார்கள். பதம் தளர்ந்தால் சுவரில் நிற்காமல் வழிந்துவிடும். பதம் இறுகினால் உள்ளே காற்றறை நின்று, பிறகு அந்த இடம் பொத்தலாகும். பூச்சு உறைந்த பின் குழாயால் தண்ணீர் தெளிக்கிறார்கள். இதில்தான் பொறுமை தேவை. ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் விட்டால் மேல்புறம் முதலில் உறைந்து, அடியில் ஈரமும் காற்றும் சிக்கிக்கொள்ளும். அந்த ஐஸ் முட்டை ஓடு மாதிரி. ஸ்லெட் ஏறியதும் தகடு தகடாகப் பெயரும். அதனால் மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளிக்கிறார்கள். கடைசியில் நீண்ட கைப்பிடியுள்ள கத்தியால் செதுக்கல். தச்சர் இழைப்புளி போடுவது போல, ஐஸ் சுருள் சுருளாக வந்து விழும்.

வளைவுகளின் வடிவம் பெரும்பாலும் கண்ணளவுதான். எனவே ஒரே பெயருள்ள வளைவு சென்ற ஆண்டு இருந்த மாதிரியே இந்த ஆண்டு இருக்காது. நுழைவாயில் ஒரு சாண் தள்ளி இருக்கலாம், சுவர் கொஞ்சம் செங்குத்தாக எழலாம். ஏற்கெனவே இங்கே ஓடிய பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டுத் தடம் புதுத் தடம்தான். கான்கிரீட் தடத்தில் மனப்பாடம் செய்து பழகியவர்கள் திணறுவது இங்கேதான்.

ஆகவே பயிற்சிக்கு முன்னால் எல்லா அணிகளும் தடத்துக்குள் இறங்கி நடக்கின்றன. காலணியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி. வேகமாக நடந்து முடிப்பவர்களும் உண்டு, ஒரு வளைவில் பத்து நிமிடம் நிற்பவர்களும் உண்டு. நிற்பவர்களைக் கவனியுங்கள். அவர்கள் தேடுவது மூன்று விஷயம். சமதளத்திலிருந்து சுவர் எந்த இடத்தில் எழத் தொடங்குகிறது? சுவர் எங்கே உச்ச உயரம்? அது எங்கே திரும்பத் தணிகிறது? குத்துக்காலிட்டு, முகவாயை ஐஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியும் வளைவு வேறு, படுத்த கண்ணுக்குத் தெரியும் வளைவு வேறு. அந்த உயரத்திலிருந்து அடையாளம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்: ஒரு விளம்பரப் பலகையின் ஓரம், ஒரு கம்பம், ஒரு மரத்தின் நிழல். நிழலை நம்பாதே என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். காலைப் பயிற்சியில் இருந்த நிழல் போட்டி நேரத்தில் நகர்ந்திருக்கும்.

வளைவுகளின் பெயர்களை வரிசையாகக் கேட்டால் ஊரின் சரித்திரமே வந்துவிடும். மேலே வால் (Wall, சுவர்), பாம்பு போல் நெளியும் ஸ்நேக், வெயில் விழும் சன்னி, நேஷ்-டிக்ஸன். பிறகு லாட வடிவில் ஆளையே திருப்பிப் போடும் ஹார்ஸ்-ஷூ. கீழே டெலிபோன், ஷாம்ராக், டெவில்ஸ் டைக், மார்டினோ. ஒரு வளைவுக்கு போர்டாகோ என்று பெயர். 1956 ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட்டில் நான்காம் இடம் வந்து, மறு ஆண்டே கார்ப் பந்தயத்தில் இறந்துபோன ஸ்பானிய வீரர் அல்போன்சோ தெ போர்டாகோவின் நினைவு அது.

சன்னி வளைவில் துணித் திரைகள் தொங்குவதைப் பார்க்கலாம். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். குளிர்க் குழாய் இல்லாத தடத்துக்கு வெயில்தான் எதிரி. திரை ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கினாலும் மேற்பரப்பு ஈரமாகி, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஸ்லெட் இழுபடும்.

மூன்றாம் நாள்: ஸ்லெட் அறை

ஸ்லெட் என்றதும் பளபளப்பான பொருளைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். எஃகுச் சட்டம், அடியில் வழவழப்பான மூடி, உடலை இரு பக்கமும் அணைக்கும் வளைந்த கம்பிகள், நான்கு மூலையிலும் இடி தாங்கும் முட்டுகள், கீழே ரன்னர் எனப்படும், ஐஸில் வழுக்கும் இரண்டு எஃகுக் கம்பிகள். அவ்வளவுதான். நீளம் 80 முதல் 120 சென்டிமீட்டருக்குள், உயரம் 8 முதல் 20க்குள், இரண்டு ரன்னர்களுக்கும் இடையே 34 முதல் 38 சென்டிமீட்டர். விதி இந்த எல்லைகளைத்தான் சொல்கிறது. சட்டத்தின் விறைப்பு, நெகிழ்வு, ஆள் படுக்கும் இடம் எல்லாம் அவரவர் அமைப்பு.

எடைதான் இளையவர்களுக்கு முதல் தலைவலி. அந்த 2019-20 பருவத்தின் சர்வதேச விதிப்படி ஆண்களுக்கு ஆளும் ஸ்லெட்டும் சேர்ந்து 115 கிலோ, பெண்களுக்கு 92 கிலோ. அதைத் தாண்டுகிறவர்களின் ஸ்லெட் முறையே 33, 29 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. தாண்டாதவர்கள் எடைக்கட்டிகளைச் சேர்க்கலாம், ஆனால் ஸ்லெட் 43, 35 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எடையை ஸ்லெட்டில்தான் பொருத்த வேண்டும், உடம்பில் கட்டிக்கொள்ள முடியாது. இப்போது 60 கிலோ எடையுள்ள பதினாறு வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச எடையில் ஸ்லெட் செய்தாலும் மொத்தம் 103 கிலோதான். அந்த 43 கிலோவைக் குனிந்தபடி ஒரு கையால் தள்ளிக்கொண்டு அவன் ஓட வேண்டும். எடையைக் குறைத்தால் தொடக்கம் வேகமாகும், கீழே சமதளத்தில் பின்தங்குவான். கூட்டினால் மேலே தொடக்கத்திலேயே பின்தங்குவான். இந்தத் தடத்தின் மேல்பகுதி சாய்வு குறைந்தது, வேகம் மெதுவாகத்தான் ஏறும். எனவே இங்கே ஓட முடிகிற அளவுக்கு மட்டும் எடை வைப்பதே சரி என்பது நம் கருத்து. மேலே தொலைத்த வேகத்தைக் கீழே எந்த எடைக்கட்டியும் மீட்டுத் தராது.

அடுத்தது ரன்னர். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பி, எல்லோருக்கும் ஒரே தரத்தில் விதிக்கப்பட்ட எஃகு. அதன் பின்பகுதியில் அடியில் இரண்டு பள்ளக்கோடுகள் வெட்டியிருக்கும். அந்தக் கோடுகளின் விளிம்புதான் ஐஸைக் கடித்துப் பிடிக்கிறது. முன்பகுதி உருண்டையாகவே வழுக்கும். ரன்னரை லேசாக வில் போல வளைத்துப் பொருத்துகிறார்கள். வில் அதிகமானால் ஐஸைத் தொடும் நீளம் குறைந்து ஸ்லெட் துள்ளலாகத் திரும்பும், வேகமும் கிடைக்கும், ஆனால் பின்பக்கம் வழுக்கும். வில் குறைந்தால் பிடிமானம் கூடும், ஸ்லெட் மந்தமாகும்.

மெருகேற்றும் வேலை மணிக்கணக்கில் நடக்கும். உப்புத்தாளில் 400 எண்ணில் தொடங்கி 600, 800, 1000, 2000 என்று படிப்படியாக மென்மைக்குப் போகிறார்கள், கடைசியில் மெருகுப் பசை. ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் முந்தைய கீறல் முழுதும் மறைந்திருக்க வேண்டும். அவசரத்தில் 600ஐத் தாவி 1000க்குப் போனால் கண்ணாடி போல மின்னும், ஆனால் அடியில் பழைய கீறல் அப்படியே கிடக்கும். தேய்ப்பது எப்போதும் நீளவாக்கில். குறுக்காக ஓர் இழுப்பு இழுத்தாலும் அந்தக் கீறல் ஒவ்வொரு மீட்டரிலும் பிரேக் போடும். பார்வையை நம்பாமல் நகத்தின் நுனியை ரன்னர் மேல் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு வேறொன்று. சூடான அறையிலிருந்து ஸ்லெட்டை எடுத்துவந்து பனி மேல் வைத்துவிடுகிறார்கள். வெதுவெதுப்பான எஃகில் பனி உருகி, உடனே உறைந்து, மணல் ஒட்டியது போல் ரன்னர் சொரசொரப்பாகிவிடும். ரன்னர் உறையோடு வெளியே கொண்டுவந்து, தலைகீழாக வைத்துக் குளிரவிட வேண்டும்.

வெப்பத்துக்குத் தனி விதியே உண்டு. தொடக்க மேடைக்குப் பக்கத்தில் நிழலில் ஓர் ஒப்பீட்டு ரன்னர் ஒரு மணி நேரம் தொங்கும். போட்டியாளரின் ரன்னர் அதைவிட 4 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் தகுதி நீக்கம். சூடான எஃகு ஐஸை உருக்கி, தன் அடியில் நீர்ப்படலத்தை உண்டாக்கிக்கொண்டு வழுக்கும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

நான்காம் நாள்: பயிற்சி ஓட்டங்கள்

ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு ஓட்டம். இரண்டும் சேர்ந்து இரண்டரை நிமிடம் வராது. மீதிப் பொழுதெல்லாம் காத்திருப்பு, உடம்பைச் சூடாக்குதல், லாரியில் மேலே ஏறுதல், காணொளி பார்த்தல்.

தொடக்கத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் 30 நொடி உண்டு, அதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஐஸில் ஸ்லெட்டுக்காக இரண்டு பள்ளக்கோடுகள் வெட்டியிருக்கிறார்கள். கட்டையில் காலை ஊன்றி, ஒரு கையால் ஸ்லெட்டைப் பிடித்து, முதுகு தரைக்கு இணையாகக் குனிந்து பாய்கிறார்கள். நேரம் ஓடத் தொடங்குவது கட்டையிலிருந்து 15 மீட்டர் தள்ளி. அதிலிருந்து 50 மீட்டர் கடந்ததும் தொடக்க நேரம் பதிவாகும். காலணியின் அடியில் ஊசி போன்ற முட்கள் இல்லாமல் இங்கே ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

தொடக்கத்தில் நடக்கும் தவறுகளை வரிசையாகப் பார்க்கலாம், கூச்சலும் குறைவு, தெளிவாகத் தெரியும். ஸ்லெட்டைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளுபவருக்கு ரன்னர் பள்ளத்திலிருந்து வெளியே ஏறிவிடும். நிமிர்ந்து ஓடுபவரின் தள்ளல் முன்னால் போகாமல் கீழே அழுந்தும். மிகவும் பொதுவானது, ஸ்லெட் தன் ஓட்டத்தைவிட வேகமாகும் கணத்தைத் தவறவிடுவது. முன்னதாகப் படுத்தால் இன்னும் எடுக்கக்கூடிய நான்கு அடி வீண். தாமதித்தால் ஸ்லெட் கையை இழுத்துக்கொண்டு போகும், அப்போது படுப்பது குதிப்பாக மாறிவிடும். குதித்து விழுந்த ஸ்லெட் குலுங்கும், பள்ளத்தைவிட்டு விலகிச் சுவரில் தட்டும். நல்ல படுக்கை என்பது சத்தமே இல்லாதது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் நன்றாகப் படுத்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

படுத்தபின் திருப்புவது எப்படி? தோளும் முழங்காலும்தான் கருவி. ஸ்லெட்டின் ஒரு மூலையில் தோளையும் அதற்கு எதிர்மூலையில் முழங்காலையும் அழுத்தினால் எஃகுச் சட்டம் இழையளவு முறுகும். ரன்னரின் கடி ஒரு பக்கம் கூடி, ஸ்லெட் திரும்பும். தலையைச் சாய்த்தாலும் திசை மாறும். வேறு வழியே இல்லாதபோது கால் பெருவிரலை ஐஸில் தொடுவார்கள். பெருவிரல் பட்டால் திசை கிடைக்கும், வேகம் போகும். இந்தத் தடத்தில் பனித்தூள் கிளப்பிக்கொண்டு வரும் காலைப் பார்த்தால், அவர் மேலே ஏதோ தவறைத் திருத்துகிறார் என்று பொருள்.

வளைவில் நடப்பதைப் பார்க்க ஹார்ஸ்-ஷூவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஸ்லெட் நுழைந்ததும் சுவரில் ஏறும். பிறகு எடை அதைக் கீழே இழுக்கும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை அளவாக வைப்பதே கலை. நுழைவில் முந்திக்கொண்டவர் சீக்கிரம் உயரே போய், சீக்கிரம் இறங்கி, வளைவு முடியும்முன் இன்னொரு முறை ஏறிவிடுவார். வெளியே வரும்போது சுவரின் பாதியிலிருந்து விழுவது போல வருவார், எதிர்ச்சுவர் தோளைப் பிடுங்கும். பிந்தி நுழைந்தவர் வளைவு முடிந்த பின்னும் சுவரிலேயே இருப்பார். அவரும் எதிர்ப்பக்கம் எறியப்படுவார். சரியாக வந்தவரிடம் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஏறினார், இறங்கினார், போனார்.

வளைவில் உடல் எடை சில மடங்காகக் கூடும்போது தலை ஐஸை நோக்கி இழுபடும். அதனால்தான் ஹெல்மெட்டுகளின் முகவாய்ப் பகுதி தேய்ந்து வெளுத்திருக்கிறது. கழுத்தைப் பலத்தால் தூக்கிப் பிடிக்கப் பார்க்கும் பிள்ளைகள் இரண்டாவது ஓட்டத்தில் களைத்துப் போகிறார்கள். பழகியவர்கள் அழுத்தம் வரும்போது தலையைத் தாழவிட்டு, தணிந்ததும் எடுக்கிறார்கள். அந்த நேரம் கண்ணுக்குத் தெரிவது ஐஸின் வெண்மை மட்டும்தான். மீதியை வயிற்றில் படும் அதிர்விலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே அந்த அதிர்வு குறைவு என்பதுதான் விசேஷம். கான்கிரீட்டின் மேல் மெல்லிய ஐஸில் ஸ்லெட் தடதடக்கும், பற்கள் ஒன்றோடொன்று மோதும். இந்த ஐஸ் தடிமனாக, உள்வரை ஒரே பொருளாக இருப்பதால் அதிர்வை உள்வாங்கிக்கொள்கிறது. ஸ்லெட் சீறலோடு நழுவுகிறது. உடம்புக்குச் சுகம், ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு குழப்பம்: சத்தம் இல்லாததால் வேகம் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். நினைத்ததும் ஏதாவது செய்யத் தோன்றும், தோளை அழுத்துவார்கள். ஒவ்வோர் அழுத்தமும் ரன்னரின் விளிம்பை ஐஸுக்குள் இறக்குகிறது, ஒவ்வோர் இறக்கமும் உராய்வு. பயிற்சியாளர்கள் இந்த வாரம் எல்லா மொழியிலும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே வாசகம்: சும்மா இரு. பதினாறு வயதுப் பிள்ளையிடம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சும்மா இருக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை ஹார்ஸ்-ஷூ ஓரம் நின்றால் புரிந்துகொள்ளலாம். முதல் ஓட்டத்தில் நான்கு இடத்தில் திருத்தியவர் இரண்டாவதில் ஒரே இடத்தில் திருத்தினார் என்றால், நேரப் பலகையைப் பார்க்காமலே அவர் வேகமாக இறங்கியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு ஸ்லெட்டுகளுக்கு இடையே தடத்துக்குள் குதிக்கும் பணியாளர்களையும் பாருங்கள். ஸ்லெட் சுவரில் மோதிய இடத்தில் ஐஸ் பெயர்ந்திருந்தால், வாளியில் தயாராக இருக்கும் பனிக்குழைவை எடுத்து, கையுறையோடு அப்பி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். குளிர் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஐந்தாம் நாள்: பக்கத்துச் சரிவு

இன்று சுருக்கமாக. ஓடுபாதையிலிருந்து நடக்கும் தூரத்தில் கிரெஸ்டா ரன் இருக்கிறது. 1880களின் நடுவிலிருந்து குளிர்காலந்தோறும் கட்டப்பட்டுவரும் இன்னொரு இயற்கை ஐஸ் சரிவு. தலை முன்னால் வைத்து இறங்கும் வழக்கம் வேர்விட்ட இடம் இது. ஸ்கெலிட்டன் ஒலிம்பிக்கில் முதலில் இடம்பெற்றது 1928இல், அடுத்து 1948இல். இரண்டு முறையும் செயின்ட் மோரிட்ஸில், இரண்டு முறையும் கிரெஸ்டாவில். 1928இல் தங்கமும் வெள்ளியும் அமெரிக்காவின் ஹீட்டன் சகோதரர்களுக்கு, ஜெனிசனுக்கும் ஜானுக்கும். 20 ஆண்டு கழித்து 1948இல் அதே ஜான் ஹீட்டன் மறுபடி வெள்ளி வாங்கினார். தங்கம் இத்தாலியின் நீனோ பிப்பியாவுக்கு. அதன்பின் 2002 சால்ட் லேக் சிட்டி வரை ஒலிம்பிக்கில் ஸ்கெலிட்டன் கிடையாது. பெண்கள் ஒலிம்பிக் ஸ்கெலிட்டனுக்குள் வந்ததும் 2002இல்தான். இந்த வாரம் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக, அதே தடத்தில் இறங்குவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

கிரெஸ்டாவையும் பாப் தடத்து ஸ்கெலிட்டனையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. கிரெஸ்டாக்காரர்கள் காலணி நுனியில் இரும்புப் பற்கள் கட்டி, அதை ஐஸில் கீறி வேகத்தைக் குறைக்கிறார்கள். அங்கே ஷட்டில்காக் வளைவில் வேகம் மிஞ்சினால் ஆள் தடத்தைவிட்டே வெளியே பறந்து வைக்கோலில் விழுவார். பாப் தடத்தில் சுவர் ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

மாலையில் உறைந்த ஏரிப் பக்கம் போகலாம், வேக ஸ்கேட்டிங் அந்த இயற்கை ஐஸ் மேலேயே நடக்கிறது. குளிர் எலும்பில் ஏறிவிட்டால் இந்தப் பகுதியின் பார்லிக் கஞ்சி போன்ற சூப்பும், வால்நட் அடைத்த எங்காடின் பணியாரமும் கைகொடுக்கும். கடைக்குள் நுழையும்போது "அலேக்ரா" என்று சொல்லுங்கள். ரொமான்ஷ் மொழியில் வணக்கம் அது. நம் வாயால் கேட்டதும் அவர்கள் முகம் மலரும்.

ஆறாம் நாள்: போட்டிக் காலை

இருட்டு விலகும்முன் தடத்தில் விளக்கோடு ஆட்கள். இரவு தெளித்த தண்ணீர் உறைந்திருக்கிறது. அதன் மேல் உறைபனி பூத்திருந்தால் முதலில் இறங்குபவர்களின் நேரம் பாதிக்கும், ரன்னர்கள் அந்தப் பூவைத் தேய்த்து வழி செய்ய வேண்டியிருக்கும். மேலிருந்து கீழ்வரை துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே வருகிறார்கள். போட்டி நடுவில் பனி பெய்தால் நிலைமை தலைகீழ், பின்னால் வருபவர்களுக்குத்தான் நஷ்டம். முழுத் தடமும் திறந்த வானத்தின் கீழ் இருப்பதால் வானத்தின் முகம்தான் முதல் நடுவர்.

ஸ்லெட்டுகள் குறித்த நேரத்தில் தொடக்கத்தின் பக்கத்தில் வரிசையாக, ரன்னர் மேல்நோக்கியபடி வைக்கப்படுகின்றன. அதன்பின் அவற்றில் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. வெப்பமானியோடு நடுவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறார்கள். அணியினர் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. பிள்ளைகள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமும் சாய்த்து, தோளை அசைத்து, மனதுக்குள் முழுத் தடத்தையும் இறங்கிப் பார்க்கிறார்கள். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தால் உண்மையான ஓட்டத்துக்கு ஆகும் அதே நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு ஓட்டங்களின் கூட்டு நேரம்தான் முடிவு, நூறில் ஒரு நொடி வரை கணக்கு. தொடக்கத்தில் தொலைத்த ஒரு பங்கு கீழே வரும்போது மூன்று பங்காகும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நீளமான இந்தத் தடத்தில் இன்னும் கூடலாம். பெரியவர்களின் உலகக் கோப்பையில் 70 நொடிக்குள் இறங்குகிறார்கள். கோட்டைத் தாண்டும்போது ஆள் ஸ்லெட்டின் மேல் இருக்க வேண்டும், இல்லையேல் ஓட்டம் செல்லாது.

பார்க்க வருகிறவர்களுக்கு நம் ஆலோசனை: முதல் ஓட்டத்தை ஹார்ஸ்-ஷூவில் பாருங்கள், பிறகு நடைபாதையில் கீழே இறங்கிச் செலெரினாவில் இரண்டாவது ஓட்டத்தை முடிவுக் கோட்டில் பாருங்கள். இரண்டாவது ஓட்டத்தில் வரிசை தலைகீழாகும், முன்னிலையில் இருப்பவர் கடைசியாக வருவார். கோட்டுக்கு அப்பால் தடம் மேல்நோக்கி ஏறுகிறது. அந்த ஏற்றமும் ஊன்றிய காலும்தான் பிரேக். ஸ்லெட் நின்றதும் யாரையும் கட்டிப்பிடிக்கும் முன், எதையும் கழற்றும் முன், ஹெல்மெட்டோடும் ஸ்லெட்டோடும் எடை மேடைக்குப் போக வேண்டும். விதி சொல்லும் எடையைத் தாண்டியிருந்தால் அந்த இறக்கம் அத்தனையும் வீண்.

முதல் ஓட்டம் முடிந்துவிட்டது. மேலே சன்னி வளைவில் திரைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்லெட்டுகளை ஏற்றிய லாரி செலெரினாவிலிருந்து மேலே கிளம்புகிறது. பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையுறையைக் கழற்றி, நகத்தின் நுனியால் தன் ரன்னரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறாள்.